வீட்டில் இருக்கும் பாதரசத்தை என்ன செய்வது: ஒரு நர்ஸின் குறிப்புகள்

என் கல்யாண மோதிரத்தில் ஒருமுறை பாதரசம் ஏறிவிட்டது. அரசு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம். குழந்தைகள் வார்டில் ஒரு பையன் தெர்மாமீட்டரைக் கடித்து உடைத்துவிட்டான். வாயைக் கழுவி, கண்ணாடித் துண்டு உள்ளே போகவில்லை என்று உறுதி செய்துகொண்டு, மெத்தை விரிப்பில் உருண்டோடிய ரசத்தை வெறுங்கையால் கூட்டி எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் மோதிரத்தின் ஒரு பக்கம் வெள்ளி மாதிரி வெளுத்திருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மறுநாள் கடைவீதி ஆசாரியிடம் கொண்டுபோனேன். "ரசம் ஏறியிருக்கு தாயி, தணல்ல காட்டினா ஓடிப்போயிரும்" என்று சொல்லிவிட்டு, இடுக்கியில் மோதிரத்தைப் பிடித்து ஊதுகுழலால் ஊதினார். வெள்ளை மறைந்து மஞ்சள் திரும்பி வந்தது. பக்கத்தில் பலகைமேல் உட்கார்ந்து அவருடைய பேரன் சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தான்.

அந்த வெள்ளை எங்கே போனது என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. அது ஆவியாகி அந்தச் சின்னக் கடைக்குள் நிறைந்தது. ஆசாரியும் பேரனும் அதை மூச்சில் இழுத்தார்கள், நானும் இழுத்தேன். நர்ஸ் படிப்பு படித்த எனக்கே இதை யாரும் சொல்லித் தரவில்லை. முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு இதை எழுத உட்கார்ந்ததற்கு அந்தச் சிலேட்டுப் பையன் ஒரு காரணம். இன்னொரு காரணம் என் அண்ணன் மகள். அவள் கதை பின்னால் வருகிறது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். தெர்மாமீட்டரில் இருக்கும் பாதரசத்தை ஒருவர் விழுங்கிவிட்டால், பெரும்பாலும் அது குடலில் ஒட்டாமல் அப்படியே வெளியே போய்விடும். உடைந்த கண்ணாடிதான் அப்போது கவலை. வாந்தி எடுக்க வைக்காமல் டாக்டரிடம் காட்டினால் போதும். அதே ரசம் தரை இடுக்கில் தங்கிவிட்டால் கதை வேறு. அறை வெப்பத்திலேயே அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூச்சில் போகும் ஆவியில் ஐந்தில் நாலு பங்கு ரத்தத்தில் கலந்துவிடும். அங்கிருந்து மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும். கை நடுக்கம், தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், ஞாபக மறதி என்று மெதுவாகக் காட்டும். தவழும் குழந்தைக்குத்தான் ஆபத்து அதிகம், ஏனென்றால் அதன் மூக்கு தரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

வீட்டில் எங்கெல்லாம் இருக்கிறது

ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கித் தேடுங்கள். மருந்துப் பெட்டியில் பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் இருக்கும். நுனியில் வெள்ளிப் பளபளப்பாகத் தெரிந்தால் பெரும்பாலும் பாதரசம்தான். ஒன்றில் அரை கிராமிலிருந்து ஒன்றரை கிராம் வரை இருக்கும். இப்போது காலியம், இண்டியம், தகரம் கலந்த உலோகக் கலவை ஊற்றிய தெர்மாமீட்டரும் வருகிறது. பார்ப்பதற்கு அச்சு அசல் பாதரசம் மாதிரியே இருக்கும், ஆனால் அட்டையில் 'பாதரசம் அற்றது' என்று போட்டிருப்பார்கள். அட்டை இல்லையென்றால் பாதரசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பரண்மேல் ஒரு பழைய பி.பி. பார்க்கும் பெட்டி கிடக்கலாம். மூடியைத் திறந்தால் நட்டுக்க நிற்கும் கண்ணாடிக் குழாயும் அதில் வெள்ளிக் கோடும் தெரியும். அதில் நூறு கிராம் அளவுக்குப் பாதரசம் இருக்கும். நூறு தெர்மாமீட்டர்களை ஒன்றாகச் சேர்த்து வைத்த மாதிரி. அதைக் கவிழ்க்காமல், சாய்க்காமல், நின்ற நிலையிலேயே வையுங்கள். பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டவே கூடாது.

அப்புறம் டியூப்லைட், சுருள் சுருளாக இருக்கும் சி.எஃப்.எல். பல்ப். பழைய பட்டன் செல் பேட்டரிகளிலும் கொஞ்சம் இருக்கும். பூஜை அறையில் 'ரசமணி' என்று, பாதரசத்தைக் கட்டிச் செய்த மணி, யாராவது கொடுத்தது இருக்கலாம். கண்ணாடியை நினைத்துப் பயப்பட வேண்டாம். 'ரசம் போன கண்ணாடி' என்று நாம் இன்னும் சொல்கிறோமே, அந்த ரசம் ஒரு காலத்தில் உண்மையாகவே பாதரசமும் தகரமும் கலந்த பூச்சு. இப்போது வரும் கண்ணாடிகளில் வெள்ளியோ அலுமினியமோதான் பூசுகிறார்கள். சொல் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது.

கடைசியாக, பெண் பிள்ளைகள் மேசையில் இருக்கும் கிரீம் டப்பா. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

தெர்மாமீட்டர் உடைந்தால்

ஆஸ்பத்திரியில் இதைச் சரியாகச் செய்யக் கற்றுக்கொள்ள எங்களுக்குப் பல வருஷம் ஆனது. அதற்கு முன்பெல்லாம் "சிஸ்டர், உடைஞ்சிருச்சு" என்று குரல் வந்தால் ஆயாம்மா துடைப்பத்தோடு ஓடி வருவார். துடைப்பம் படுகிற ஒவ்வொரு முறையும் ஒரு உருண்டை நூறு உருண்டையாகச் சிதறும். ஈர்க்குகளுக்கு நடுவில் சிக்கிய துளிகள் அந்தத் துடைப்பத்தோடு அடுத்த வார்டுக்கும் போகும். அதனால் முதல் விதியே இதுதான்: துடைப்பத்தைத் தொடாதீர்கள். வாக்வம் கிளீனர் இன்னும் மோசம், அது ரசத்தைச் சூடாக்கி ஆவியாகவே வெளியே ஊதிவிடும். ஈரத் துணியால் துடைத்துச் சாக்கடையில் அலசுவதும் கூடாது. அங்கிருந்து குளத்துக்குப் போய், சேற்றில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றும். அது மீனுக்குள் ஏறி, மீன் வழியாக மறுபடி நம் தட்டுக்கு வரும்.

குழந்தைகளையும் நாய் பூனையையும் வெளியே அனுப்புங்கள். ரசத்தை யாரும் மிதித்துக்கொண்டு நடக்கக் கூடாது. மிதித்த செருப்பு அந்த அறையிலேயே இருக்கட்டும். மின்விசிறியையும் ஏ.சி.யையும் அணைத்துவிட்டு, தெருப்பக்க ஜன்னலைத் திறந்து, வீட்டின் உள்பக்கக் கதவைச் சாத்துங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ஏனென்று மேலே சொல்லிவிட்டேன். கையுறை போடுங்கள். ரப்பர் கையுறை இல்லையென்றால் இரண்டு பிளாஸ்டிக் பைகளைக் கையில் மாட்டி மணிக்கட்டில் கட்டிக்கொள்ளலாம்.

முதலில் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கித் தடித்த காகிதத்தில் மடித்து வையுங்கள். பிறகு கல்யாணப் பத்திரிகை அட்டை இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அட்டை இதற்கென்றே செய்த மாதிரி சரியாக இருக்கும். ஒன்றை முறம் மாதிரி தரையோடு தரையாகப் பிடித்து, இன்னொன்றால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாகத் தள்ளுங்கள். பாதரச உருண்டைகளுக்கு ஒரு குணம் உண்டு, ஒன்றையொன்று தொட்டால் ஒட்டிக்கொண்டு பெரிதாகும். அவசரப்படாமல் தள்ளினால் சிதறியதெல்லாம் ஒரே உருண்டையாகக் கூடிவிடும். அதை ஊசி மாட்டாத சிரிஞ்சால் உறிஞ்சுங்கள், அல்லது சொட்டு மருந்து பாட்டிலின் பில்லர் போதும். மூடி இறுக்கமாக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு விரற்கடை தண்ணீர் ஊற்றி, அதற்குள் விடுங்கள். பாதரசம் தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனம், அதனால் அடியில் போய் உட்காரும். மேலே நிற்கும் தண்ணீர் ஆவி கிளம்பாமல் தடுக்கும்.

இத்தோடு முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அறை விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரைமட்டத்தில் படுக்க வைத்துச் சுற்றிலும் அடியுங்கள். நின்றுகொண்டு அடித்தால் தெரியாது. படுக்க வைத்த வெளிச்சத்தில் கட்டில் காலடியிலும் சுவர் ஓரத்திலும் கடுகைவிடச் சின்னதாகப் பத்து இருபது மினுங்கும். அவற்றை செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி எடுங்கள். ஷேவிங் கிரீமைப் பழைய பிரஷ்ஷில் தடவித் தொட்டாலும் ஒட்டிக்கொள்ளும். சிமெண்ட் தரை வெடிப்பில் இறங்கியிருந்தால் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும் கந்தகத் தூளை அந்தக் கோட்டில் தூவுங்கள். கந்தகமும் ரசமும் சேர்ந்தால் ஆவியாகாத உப்பாக மாறும். நேரம் பிடிக்கும், ஒரு நாள் விட்டுப் பிறகு ஈரக் காகிதத்தால் எடுங்கள்.

கோரைப் பாயில் கொட்டினால் பாயைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். பின்னலுக்குள் போன துளியை எடுக்கவே முடியாது. சுருட்டிப் பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டிவிடுங்கள். ரசம் நேராகப் பட்ட துணியும் அப்படித்தான். வாஷிங் மெஷினில் போட்டால் அடுத்த துவைப்பில் எல்லாருடைய உடுப்பிலும் ஏறும். அட்டை, டேப், கையுறை, சிரிஞ்ச் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு இறுகக் கட்டி, 'பாதரசம், திறக்காதே' என்று மார்க்கரில் பெரிதாக எழுதுங்கள். ஒரு நாள் முழுக்க ஜன்னல் திறந்திருக்கட்டும். அன்றிரவு குழந்தைகள் வேறு அறையில் படுக்கட்டும்.

பி.பி. பெட்டி உடைந்தால் இதையெல்லாம் நீங்கள் செய்ய முயலாதீர்கள். அறையைச் சாத்திவிட்டு வெளியே வந்து தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிடுங்கள். அது வீட்டு வேலை அளவைத் தாண்டியது.

பல்ப் உடைந்தால்

இது அவ்வளவு பெரிதல்ல. சி.எஃப்.எல். ஒன்றில் சுமார் 5 மில்லிகிராம்தான் இருக்கும், தெர்மாமீட்டரில் நூறில் ஒரு பங்கு. எல்லாரும் வெளியே வந்து ஜன்னலைத் திறந்து பத்து நிமிஷம் விடுங்கள். பிறகு அட்டையால் கூட்டி, தூளை டேப்பால் ஒற்றி, ஊறுகாய் பாட்டில் ஒன்றில் போட்டு மூடுங்கள். எரிந்து தீர்ந்த டியூப்லைட்டைத் தெருவில் போட்டு 'டப்' என்று வெடிக்கவிடும் பழக்கம் எங்கள் தெருப் பிள்ளைகளிடம் இருந்தது. கிளம்புகிற வெள்ளைப் புகை அவர்களுக்குச் சந்தோஷம். அதைப் பார்த்தால் தடுத்து நிறுத்துங்கள்.

இந்தப் பல்பை வைத்து ஒரு காலத்தில் பெரிய வாதம் நடந்தது. மின்சாரம் மிச்சம் என்று அரசே 'பச்சத் லேம்ப் யோஜனா' திட்டத்தில் 15 ரூபாய்க்கு சி.எஃப்.எல். கொடுத்தது. நிலக்கரியை எரித்தாலே பாதரசம் காற்றில் போகிறது, மின்சாரத்தை மிச்சப்படுத்தினால் மொத்தத்தில் பாதரசம் குறையும், பல்புக்குள் இருக்கிற துளியைப் பெரிதுபடுத்தாதீர்கள் என்றார்கள் ஒரு பக்கம். கணக்கு சரிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், அவரைக் கேள்வி கேட்கலாம். உடைந்த பல்பைக் கையில் அள்ளுவது வீடு கூட்டும் அம்மாவும் குப்பை வண்டிக்காரரும். மொத்தக் கணக்கில் லாபம் என்று சொல்லும்போது அவர்கள் கை அந்தக் கணக்கில் எங்கே வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. 2015 தொடக்கத்தில் 'உஜாலா' திட்டத்தில் எல்.இ.டி. மலிவாக வந்ததும் அந்த வாதம் தானாக ஓய்ந்தது. மாற்றுப் பொருள் மலிவாகக் கைக்கு வந்தால் சட்டத்துக்குப் பாதி வேலை மிச்சம். நீங்களும் இனிமேல் வாங்குவது எல்.இ.டி.யாக இருக்கட்டும். டிஜிட்டல் தெர்மாமீட்டர் துல்லியமாகக் காட்டாது என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். நாக்கடியில் சரியாக வைத்து 'பீப்' வரும்வரை பொறுத்தால் நன்றாகவே காட்டும். வார்டில் பத்து வருஷம் அதைத்தான் வைத்துப் பார்த்தேன்.

பாட்டிலை யாரிடம் கொடுப்பது

2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தன. உடைந்த தெர்மாமீட்டர், சி.எஃப்.எல்., டியூப்லைட், பேட்டரி எல்லாம் 'வீட்டு அபாயக் கழிவு'. 20 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் உள்ளாட்சி அமைப்பு அதை வாங்கும் மையம் வைக்க வேண்டும் என்றன. நான் என் பாட்டிலைப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகம் போனேன். மேசைக்கு மேசை அனுப்பினார்கள். கடைசியில் ஒரு தம்பி, "அம்மா, இதையெல்லாம் யாரும் கொண்டு வந்ததே இல்லை, குப்பையிலேயே போட்டிருங்க" என்றார். அவர் பேரில் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் நீங்கள் போகும்போது இப்போது நடப்பில் இருக்கும் திடக்கழிவு விதியின் பெயரை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். மையம் எங்கே என்று எழுத்தில் கேட்டு, மனுவுக்கு ரசீது வாங்குங்கள். பெரிய ஊர்களில் மின்னணுக் கழிவு எடுப்பவர்கள் பல்ப், டியூப்லைட்டையும் வாங்குவார்கள், ஏனென்றால் மின்னணுக் கழிவு விதிகளில் அவையும் சேர்ந்தவை. தெர்மாமீட்டரையும் பாட்டிலையும் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டுப் பாருங்கள். அவர்களிடம் உடைந்த கருவிகளின் பாதரசம் சேர்த்து வைக்கும் ஏற்பாடு இருந்தால் சேர்த்து அனுப்பிவிடுவார்கள். என் பாட்டில் அப்படித்தான் போனது. அதுவரை வெயில் படாத இடத்தில், பூட்டிய அலமாரியில் இருக்கட்டும்.

கிரீம் டப்பா

என் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான நேரம். நிச்சயதார்த்தத்துக்குப் போனபோது முகம் பளிச்சென்று இருந்தது. கழுத்து மட்டும் பழைய நிறம். "என்ன அம்மாடி போடுற?" என்றேன். "ஒரு நைட் கிரீம் அத்தை, ஃபிரண்டு வாங்கித் தந்தா, மூணே வாரத்துல ரிசல்ட்டு" என்றாள். இரண்டு மாதம் கழித்து அண்ணி போன் செய்தார். பிள்ளைக்குக் கால் வீங்குகிறது, செருப்பு வார் பதிந்தால் அப்படியே குழி நிற்கிறது, கல்யாண வேலை அலைச்சல் என்று விட்டுவிட்டோம் என்றார். நான் கேட்ட முதல் கேள்வி, ஒன்றுக்குப் போகும்போது நுரை வருகிறதா என்று. வருகிறது என்றாள் அண்ணன் மகள். சிறுநீர்ச் சோதனையில் புரதம் நான்கு பிளஸ், அதாவது மிக அதிகம். சிறுநீரக டாக்டர் விசாரித்துவிட்டு, அந்த டப்பாவை எடுத்து வரச் சொன்னார்.

டப்பாவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உள்ளங்கைக்குள் அடங்கும் சைஸ், மேலே தங்க நிற மூடி. தயாரிப்பாளர் பெயர் இருந்தது, முகவரி இல்லை. பேட்ச் எண் இல்லை. உட்பொருள் பட்டியலுக்குப் பதிலாக 'மூலிகைச் சாறு, வைட்டமின், முத்துத் தூள்' என்று ஒரு வரி. கீழே பொடி எழுத்தில் 'தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்' என்று ஆங்கிலத்தில். அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூலிகைச் சாறு தங்கத்தை என்ன செய்யும்? என் மோதிரம்தான் கண்முன் வந்தது.

பாதரச உப்பு தோலில் கருமை உண்டாவதைத் தடுக்கும். அதனால்தான் 'ரிசல்ட்டு' அவ்வளவு சீக்கிரம் தெரிகிறது. நிறுத்தினால் நிறம் திரும்பிவிடும், அதனால் மறுபடி வாங்குவார்கள். தோல் வழியாக உள்ளே போனது சிறுநீரகத்தில் போய்ச் சேர்கிறது. இது எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததில்லை. கேரளாவில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒரே ஆஸ்பத்திரிக்கு வந்த 22 சிறுநீரக நோயாளிகளை டாக்டர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். 15 பேருக்கு 'நெல்-1' (NELL-1) என்ற அரிய வகைச் சிறுநீரக பாதிப்பு. அந்தப் பதினைந்தில் 13 பேர் சிவப்பழகு கிரீம் போட்டவர்கள். நிறுத்தியதும் பெரும்பாலானோருக்குச் சரியாகியிருக்கிறது. நோய்க்குக் காரணம் தெரிந்தால் மருந்தைவிட நிறுத்துவதே பெரிய வைத்தியம். ஆனால் கால் வீங்கி வரும் பெண்ணிடம் 'முகத்துக்கு என்ன போடுகிறாய்' என்று கேட்கத் தோன்ற வேண்டுமே. நீங்களே முந்திக்கொண்டு டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். சிறுநீரில் பாதரச அளவு பார்க்கும் பரிசோதனை இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

டப்பாவைப் பார்க்கும் முறை இதுதான். இங்கே தயாரான பொருள் என்றால் தயாரிப்பாளரின் முழு முகவரி, பேட்ச் எண், தயாரிப்பு உரிம எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது, உட்பொருள் பட்டியல் ஆகிய அத்தனையும் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் வாங்காதீர்கள். பட்டியலில் மெர்குரி, மெர்க்யூரஸ் குளோரைடு, மெர்க்யூரிக், மெர்க்யூரியோ, கேலோமெல், அம்மோனியேட்டட் மெர்குரி, சின்னபார் என்று எது இருந்தாலும் அது பாதரசம்தான். நகையில் படக்கூடாது, அலுமினியத்தில் படக்கூடாது என்ற எச்சரிக்கையும் அதே அர்த்தம்தான். ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் டப்பாவை மூடி, ஜிப் கவரில் போட்டு வையுங்கள். தூக்கிப் போட வேண்டாம், அது சாட்சி. தலையணை உறையிலும் துண்டிலும் கிரீம் ஏறியிருக்கும், அவற்றைக் குழந்தைகள் பக்கத்தில் வைக்காதீர்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது

"ஒரு துளிக்கு இத்தனை சட்டமா சிஸ்டர்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு சொல்வேன். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள்படி, கண்ணைச் சுற்றி இடும் பொருள்களைத் தவிர மற்றவற்றில் தற்செயலாகக் கலந்த பாதரசம் 1 பிபிஎம் தாண்டக் கூடாது, அதாவது ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம். 20 கிராம் டப்பாவில் 0.02 மில்லிகிராம். பிடிபடும் கிரீம்களில் ஆயிரக்கணக்கான பிபிஎம் இருக்கிறது. பத்தாயிரம் பிபிஎம் என்று வைத்துக்கொண்டால் அதே டப்பாவில் 200 மில்லிகிராம். நாற்பது சி.எஃப்.எல். பல்புகளின் ரசத்தை ஒரு பெண் முகத்தில் பூசிக்கொள்கிறாள்.

ஆக, சட்டம் இல்லாமல் இல்லை. அது கடை அலமாரிவரை வருகிறதா என்பதுதான் கேள்வி. இங்கே தயாரிக்க உரிமம் தருவது மாநிலத்தின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை. இறக்குமதிக்குப் பதிவு தருவது மத்திய அரசு. யாரோ ஒருவரின் பயணப் பெட்டியில் வந்து, ஃபேன்சி ஸ்டோரிலும் ஆன்லைனிலும் விற்பது இரண்டு பேர் கைக்கும் நடுவில் நழுவிப் போகிறது. கேரளத்தில் 2023இல் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்து ஆய்வாளர்கள் கடை கடையாகப் போய் மாதிரி எடுத்தார்கள். பாதரசம் கலந்த சரக்கு அப்படித்தான் பிடிபட்டது. ஒரு மாநிலம் மனது வைத்தால் முடியும் என்பதற்கு எனக்கு அது போதும். வழக்கம்போல, சிறு வியாபாரிகளைத் தொந்தரவு செய்கிறார்கள் என்ற பேச்சும் வரும். உரிம எண் இருக்கும் சரக்கை விற்கும் வியாபாரிக்கு ஆய்வாளரிடம் என்ன பயம்?

தடை வேண்டாம், லேபிள் ஒட்டினால் போதும் என்று இன்னொரு கட்சி. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலம் 1998இல் சட்டம் போட்டு, பாதரசம் உள்ள விளக்குகளில் அதை எழுத வேண்டும் என்றது. மின்சாதனத் தயாரிப்பாளர் சங்கம் அதையே எதிர்த்து வழக்குப் போட்டது. எங்களை வலுக்கட்டாயமாகப் பேச வைப்பது பேச்சுரிமைக்கு எதிரானது என்பது அவர்கள் வாதம். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாநிலத்தின் பக்கம் நின்றது. லேபிள் நல்லதுதான், பல்புக்கு அது உதவும். ஆனால் கிரீமுக்கு லேபிள் ஒரு தீர்வே இல்லை. பொய் சொல்லி விற்பவன் லேபிளில் மட்டும் உண்மை எழுதுவானா? அங்கே முழுத் தடைதான் சரி. 2023இல், பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா ஒப்பந்த நாடுகள் ஜெனீவாவில் கூடி அதையே முடிவு செய்தன: 1 பிபிஎம் என்ற வரம்பையும் எடுத்துவிட்டு, பாதரசம் சேர்த்த அழகுசாதனம் எதுவும் 2025க்குப் பிறகு கூடாது என்று. ஜப்பானில் ஆலைக் கழிவு கடலில் கலந்து, மீன் தின்ற ஊரே முடங்கியதே, அந்த மினமாட்டாவின் பெயரில் போட்ட ஒப்பந்தம் அது. இந்தியா 2018இல் உறுதிசெய்த நாடு.

எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறினால் கொடைக்கானல். நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுனிலிருந்து பெயர்ந்து வந்த தெர்மாமீட்டர் ஆலை அங்கே 2001வரை ஓடியது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கிடந்ததை ஊர் மக்கள் வெளிக்கொண்டு வந்த பிறகுதான் அது மூடப்பட்டது. 2003இல் கழிவை டன் கணக்கில் கப்பலேற்றி அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு நிறுவனத்தோடு உடன்பாடு வந்தது 2016இல். ஒரு ஊருக்கு வேண்டாத தொழில் இன்னொரு மலைக்கு ஏறிவிடும் என்பதை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். அதனால் ஒரு மாநிலமோ ஒரு நாடோ தனியாகப் போடும் விதி போதாது என்று சொல்வேன். அதற்காக மாநிலம் சும்மா இருக்கலாம் என்று அர்த்தமில்லை.

சித்த மருந்தைப் பற்றிக் கேட்பீர்கள். ரசம், லிங்கம், பூரம், வீரம் என்று பாதரசமும் பாதரசம் சேர்ந்த பொருள்களும் அந்த வைத்தியத்தில் உண்டு. சட்டத்தில் இவை நச்சுப் பொருள்களின் பட்டியலில் இருக்கின்றன, மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று லேபிளில் எழுதியாக வேண்டும். பதிவு பெற்ற சித்த மருத்துவர் எழுதித் தராமல், பெயரில்லாத பொட்டலமாக வரும் எதையும் வாயில் போடாதீர்கள். என் பேச்சு அத்தோடு நிற்கிறது.

புகார் எழுதுவது எப்படி

மருந்துகள், அழகுசாதனங்கள் சட்டத்தில் 26ஆவது பிரிவு ஒன்று இருக்கிறது. கடையில் காசு கொடுத்து வாங்கிய யாரும், கட்டணம் கட்டி, அந்தப் பொருளை அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுத்து அறிக்கை வாங்கலாம். இது பலருக்குத் தெரியாது, நானும் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆகவே ரசீது கேட்டு வாங்குங்கள். ரசீது தராத கடை என்றால் ஜிபேயில் பணம் அனுப்புங்கள், அதுவே சாட்சி. டப்பாவின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுங்கள். உங்கள் மாவட்ட மருந்து ஆய்வாளர் அலுவலகத்துக்கு ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். எங்கள் வீட்டிலிருந்து போன கடிதத்தைக் கடைப் பெயரை விட்டுவிட்டு அப்படியே தருகிறேன்:

"ஐயா, இத்துடன் உள்ள முக கிரீமை இன்ன தேதியில் இன்ன கடையில் இத்தனை ரூபாய்க்கு வாங்கினோம். ரசீது நகல் இணைத்துள்ளேன். டப்பாவில் உரிம எண்ணோ இறக்குமதிப் பதிவு எண்ணோ இல்லை. உட்பொருள் பட்டியல் முழுமையாக இல்லை. நகைகளில் படக்கூடாது என்ற எச்சரிக்கை உள்ளது. பயன்படுத்திய பெண்ணுக்குச் சிறுநீரில் புரதம் கண்டறியப்பட்டுள்ளது, மருத்துவ அறிக்கை நகலும் இணைத்துள்ளேன். இதில் பாதரசம் உள்ளதா எனச் சோதிக்கவும், அக்கடையிலும் சுற்றுவட்டாரக் கடைகளிலும் மாதிரி எடுக்கவும், எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்துமூலம் தெரிவிக்கவும் கேட்டுக்கொள்கிறேன்."

ஸ்பீட் போஸ்ட்டில், சேர்ந்ததற்கு ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். நேரில் போனால் நகலில் முத்திரை வாங்குங்கள். ஆன்லைனில் வாங்கிய பொருள் என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்து, அவர்கள் தரும் எண்ணைக் கடிதத்தில் சேருங்கள். முப்பது நாள் பதில் இல்லையென்றால், என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள்.

எங்கள் கடிதத்துக்கு மூன்றாவது மாதம் பதில் வந்தது, மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருப்பதாக. முடிவு இன்னும் வரவில்லை, மறுபடி எழுதியிருக்கிறேன். அண்ணன் மகளின் கல்யாணம் ஆறு மாதம் தள்ளி, போன தை மாதம் நடந்தது. கடைசியாகப் பார்த்ததில் புரதம் ஒரு பிளஸ்ஸாகக் குறைந்திருந்தது. மணமேடையில் முகமும் கழுத்தும் ஒரே நிறமாக இருந்தன. தாலி கட்டும் முன்பு அண்ணி என்னிடம் கையை நீட்டச் சொல்லி, அவளுக்கு நலங்கு வைக்க மஞ்சள் கிண்ணத்தைக் கொடுத்தார். நான் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கன்னத்தில் தடவினேன்.